போர்டு படிக்காதவரோடு ஒரு கார் பயணம்

என் வீட்டுக்காரருக்கு அறிவிப்புப் பலகை என்றாலே ஆகாது. "ஊர் பார்க்க வந்தோமா, பரீட்சைக்குப் படிக்க வந்தோமா?" என்பார். நானோ குப்பைத் தொட்டியில் எழுதியிருப்பதைக்கூட விடாமல் படிக்கிற ரகம். இப்படி இரண்டு பேர் ஒரே காரில் இங்கிலாந்தின் வடக்கே கிளம்பினோம்.

யார்க் நகரத்துக்குள் காரோடு போவது வீண் வம்பு. வெளியே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போனோம். மின்ஸ்டர் தேவாலயத்துப் பக்கம் நான் வழக்கம்போல் ஒரு போர்டின் முன் நின்றுவிட்டேன். இவர் அங்கிருந்த வெண்கலச் சிலையைச் சுற்றிவந்தார். ஆசனத்தில் சாய்ந்து, காலை நீட்டி, அலுப்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு ரோமானியர். "பாவம், இவரும் பெண்டாட்டி படித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார் போல."

அது கான்ஸ்டன்டைன். 306-இல் இந்த ஊரில் வைத்துத்தான் படைவீரர்கள் அவரைச் சக்கரவர்த்தி ஆக்கினார்கள் என்று சொன்னேன். "அப்புறம் என்னய்யா அலுப்பு?" என்று சிலையையே கேட்டார்.

விட்பி என்ற கடற்கரை ஊரில் மலை மேல் இருக்கும் பழைய கிறிஸ்தவ மடத்துக்குப் போக 199 படி ஏற வேண்டும். பாதியில் இவருக்கு மூச்சு வாங்கியது. வழியில் நல்ல அகலமாக, நீளமாக ஒரு பெஞ்சு. அப்பாடா என்று உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். துறைமுகத்தைப் பார்த்தார். "மனுஷன் கஷ்டம் தெரிந்து போட்டிருக்கிறான்" என்று சான்றிதழும் கொடுத்தார். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, மெதுவாகச் சொன்னேன்: மேலே இருக்கும் கல்லறைக்குச் சவப்பெட்டி சுமந்து போகிறவர்கள், பெட்டியை இறக்கிவைத்து இளைப்பாறப் போட்டதுங்க அது. மீதிப் படியை அவர் ஏறிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இடிந்த மடத்தின் நடுவே கடல்காற்று ஆளைத் தள்ளியது. 664-இல் இங்கேதான் ஈஸ்டர் தேதிப் பஞ்சாயத்து நடந்தது. மன்னர் ஆஸ்வியு ஒரு கணக்கு, ராணி வேறு கணக்கு. ராஜா பண்டிகை முடித்து விருந்து சாப்பிடும்போது ராணி இன்னும் விரதத்தில் இருப்பாராம். ஒரே வீட்டில்! கடைசியில் சபை கூடி ராணி பக்கத்துக் கணக்குத்தான் சரி என்று முடிவானது. இதை மட்டும் இவருக்கு இரண்டு தடவை சொன்னேன்.

பழிவாங்க டர்ஹம் வரை காத்திருந்தார். அங்கே கதீட்ரல் தரையில், உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே கறுப்புப் பளிங்கில் ஒரு கோடு. ஒரு காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. அங்கே அடக்கமாகியிருக்கும் கத்பர்ட் துறவிக்குப் பெண்கள் என்றால் ஆகாது என்று பிற்காலத்தில் ஒரு கதை கிளப்பிவிட்டிருந்தார்கள். யாரோ வழிகாட்டி சொன்னதைக் காதில் வாங்கிய இவர், கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று எனக்கு டாட்டா காட்டினார். தாண்டிப் போய் இழுத்துக்கொண்டு வந்தேன். வெளிக்கதவில் பூத முகம் போல ஒரு வளையம். அந்தக் காலத்தில் குற்றவாளி அதைப் பிடித்துவிட்டால் 37 நாள் அடைக்கலம் கிடைக்குமாம். "37 நாள்தானா?" என்று வளையத்தை ஏக்கத்தோடு தடவினார்.

வின்டோலாண்டாவில்தான் அதிசயம் நடந்தது. ரோமானியக் கோட்டை இருந்த இடம். கிட்டத்தட்ட 1900 ஆண்டுகளுக்கு முன்னால் மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் அந்த ஈர மண்ணில் மட்காமல் கிடைத்திருக்கின்றன. ஒன்றில், யாரோ யாருக்கோ சாக்ஸ், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு ஜட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்த விவரத்தை இவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். "இவனல்லவா குளிர் தெரிந்தவன்!" பக்கத்தில் இன்னொரு கடிதம். கிளாடியா செவேரா தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள், கடைசி வரிகள் அவள் கைப்பட எழுதியவை. அதற்குள் இவர் காபிக் கடையில் இருந்தார்.

லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலையைக் கடல் தினமும் இரண்டு தடவை மூடிவிடும். கடக்க வேண்டிய நேரத்தைக் குறித்து வைத்திருந்தேன். காலையில் விடுதியில் இவர் இரண்டாவது தட்டு சாசேஜில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாலை பாதியோடு நின்று, அதற்கு மேல் தண்ணீர். "டயர் அளவுதான் இருக்கும்" என்றார். ஓரத்துப் போர்டைக் காட்டினேன். கடலுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு காரின் படம், உங்களுக்கும் இதே கதிதான் என்று ஒரு வரி. தூரத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி உயிர் பிழைக்கத் தூண் மேல் ஒரு மரக்கூண்டு வேறு.

வேறு வேலையில்லாததால் அந்தப் போர்டு முழுவதையும் இவர் படித்தார். பிறகு வந்த ஒவ்வொரு காரையும் கை காட்டி நிறுத்த ஆரம்பித்தார். "நோ நோ, டைட்!" என்று கடல் ஏறியிருப்பதைக் காட்டி, நேரப் பட்டியலை விளக்கினார். 793-இல் வைக்கிங் கடற்கொள்ளையர்கள் இந்தத் தீவைச் சூறையாடியதைக்கூட, காலையில் நான் சொன்னதைத் தன் சரக்கு மாதிரி எடுத்துவிட்டார்.

மதியம் தாண்டித் தண்ணீர் வடிந்தது. காத்திருந்த கார்கள் வரிசையாகக் கிளம்பின. இவர் மட்டும் ஒரு வயதான தம்பதிக்கு, சாலை எப்போது திறக்கும் என்று போர்டில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எட்டி ஹாரனை அழுத்தினேன்.