நிக்கலுக்குக் கீழே

மார்ச் 3

பழைய காரின் டெயில் லாம்ப் வளையங்கள் இரண்டும் கழன்றுவிட்டன. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் திருகுத் தண்டுகளுக்கு, அதாவது ஸ்டட்டுகளுக்கு, நேற்றே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன். உருக்கி அச்சில் வார்த்த டை காஸ்டிங் பாகத்தில் ஸ்பேனரைக் கொஞ்சம் பலமாகத் திருப்பினால் நட்டு கழலாது, ஸ்டட்டே முறிந்து கையில் வந்துவிடும். எதுவும் முறியவில்லை. நிம்மதி.

மார்ச் 4

வெயிலில் வைத்துப் பார்த்தேன். வலது வளையம் முழுக்க அம்மை வடு. இடதில் மேல் விளிம்பில் மட்டும். வலதின் அடிப்பக்கம் ஒரு கொப்புளம் இருந்தது, குண்டூசியால் மெல்லக் கிளறினேன். வெள்ளிச் செதில் ஒன்று பெயர்ந்து, உள்ளே ஈர வெள்ளை மாவு. துடைத்தால் கீழே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான பள்ளம். நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் தட்டி நிற்கிறது. இப்போதைக்குக் கண்ணைவிட நகத்தைத்தான் நம்புகிறேன்.

குரோம் கெட்டுப்போச்சு என்கிறார்கள். குரோம் கெடவே இல்லை. பெயர்ந்து வந்த செதில் இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. கெட்டது அதற்குக் கீழே இருந்த உலோகம்.

மார்ச் 6

பம்பரில் காந்தம் ஒட்டுகிறது. எஃகு. புள்ளி புள்ளியாகத் துரு, கொப்புளம் இல்லை. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். அலுமினியம் குரோமைவிட ரொம்ப மென்மை, அதனால் முலாமில் கீறல் விழாது. துரு மட்டும் கருஞ்சேறாகக் கரைந்து வருகிறது. துரு போன இடத்தில் ஊசிமுனைத் துளைகள் அப்படியே இருக்கின்றன. அவை போகாது. ஈரம் இறங்காமல் மெழுகு போட்டு அடைக்கலாம், அவ்வளவுதான். பம்பருக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன். இத்தனை வயதான காரின் பம்பரில் வயது தெரிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஜன்னல் ஓரப் பட்டைகள் துருப்பிடிக்காத எஃகு, முலாமே கிடையாது. நெளிவெடுத்து, எமரியில் 400, 600, 1000 என்று ஏறி, சுழலும் துணிச் சக்கரத்தில் பஃப் அடித்தால் போதும்.

மார்ச் 7

கண் ஆபரேஷனுக்குத் தேதி சொல்லிவிட்டார்கள். 27.

மார்ச் 9

தூக்கம் வரவில்லை. வலது வளையத்தை மேசை விளக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதில் குரோம் என்று இருப்பது கால் மைக்ரான், மிஞ்சினால் அரை மைக்ரான். தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது. மினுமினுப்பைத் தருவது அதற்கடியில் இருக்கும் நிக்கல். நிக்கலுக்கடியில் செம்பு, செம்புக்கடியில் துத்தநாகக் கலவை. நிக்கலில் ஒரே ஒரு நுண்துளை இருந்து, அதன் வழியாக உப்பு ஈரம் இறங்கிவிட்டால், மேலே இருக்கும் நிக்கலும் செம்பும் தப்பித்துக்கொள்ளும். துத்தநாகம்தான் அரிபடும். அரித்த துத்தநாகத்துக்கு முன்னைவிட அதிக இடம் வேண்டும். இடம் கிடைக்காமல் மேலே தள்ளுகிறது. கொப்புளம் அப்படித்தான் வருகிறது.

போதாததற்கு 1952 மாடல். கொரியப் போரின்போது அமெரிக்காவில் நிக்கலைப் போர்த் தேவைக்கு ஒதுக்கிவிட்டு, கார்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். அந்த வருஷங்களின் அலங்காரப் பாகங்களில் முலாம் மெல்லிசு. நிக்கலே இல்லாமல் செம்பின் மேல் குரோம் ஏற்றியதும் உண்டு. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1942 மாடல்கள் சிலவற்றுக்கு அதுவும் கிடைக்கவில்லை. குரோம் இருக்க வேண்டிய இடத்தில் பெயின்ட் அடித்து வெளியே விட்டார்கள். அதை நினைத்தால் இந்த வளையம் இத்தனை காலம் தாங்கியதே பெரிது.

விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது. நேற்றைவிடப் பெரிசா?

மார்ச் 11

பிளேட்டிங் பட்டறைக்காரர் வளையத்தைக் கையில் வாங்கியதும் பஃபிங் மோட்டார் பக்கம்தான் திரும்பினார். "குழி மறையணும்னா உடம்பு கொஞ்சம் தேயத்தான் சார் செய்யும்." அந்தக் கொஞ்சம்தான் காலையிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வளையத்தின் அழகே வெளி விளிம்பை ஒட்டி ஓடும் ஒற்றை வரிதான். இரண்டு சரிவுகள் சந்திக்கிற கூர். மேலே எடுப்பாகத் தொடங்கி, கீழே வர வர மெலிந்து, அடி ஸ்டட்டுக்கு நேராக உடம்போடு கலந்து காணாமல் போகும். எங்கே முடிகிறது என்று விரலுக்குத்தான் தெரியும். பஃப் சக்கரத்தில் ஒரு நிமிஷம் கூடுதலாக அழுத்தினால் போதும், அந்த வரி மழுங்கிவிடும். பிறகு எத்தனை முலாம் ஏற்றினாலும் திரும்பாது. முலாம் எதையும் மறைக்காது. கீழே இருப்பதைத்தான் இன்னும் எடுப்பாகக் காட்டும். பழைய கார் கண்காட்சிகளில் எத்தனை பார்த்திருக்கிறேன், தகதகவென்று மின்னும், கிட்டே போனால் பெயரெழுத்துகளின் ஓரமெல்லாம் வழிந்துபோயிருக்கும். குழியோடு இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

தேய்க்காமல் செய்ய வழி இருக்கிறது. பழைய முலாமை உரித்து, ஒவ்வொரு குழியையும் பர் என்கிற சின்னச் சுழல்முனை வைத்துச் சுத்தமான உலோகம் தெரியும்வரை தோண்ட வேண்டும். வெள்ளை மாவு துளி மிஞ்சினாலும் அதே இடத்தில் திரும்பக் கொப்பளிக்கும். பிறகு சயனைடு குளியலில், அதாவது முலாம் கரைசல் தொட்டியில், மெல்லிய செம்பு. எடுத்த எடுப்பில் ஆசிட் செம்பில் இறக்கினால் ஆசிட் துத்தநாகத்தைத் தின்றுவிடும். அந்த முதல் செம்பின் மேல்தான் சால்டர், அதாவது ஈயப் பற்று, ஒழுங்காகப் பிடிக்கும். குழி குழியாக நிரப்பி, அரத்தால் மட்டமாக்கி, மறுபடி செம்பு, மறுபடி எமரி. சால்டர் 183 டிகிரியில் உருகும், வளையம் 380 சொச்சத்தில். நடுவே இடைவெளி இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் டார்ச் ஒரு இடத்தில் நின்றுவிட்டால் முதலில் சரிவது விளிம்பு. அதாவது என் வரி.

அவருக்கு இதெல்லாம் தெரியும், செய்தும் இருக்கிறார். நாளாகும் என்பதுதான் தயக்கம். "எத்தனை நாள் ஆனாலும் சரிங்க, சக்கரத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்" என்றேன். 27க்குள் முடியுமா என்று கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 12

இடது வளையத்தின் வரி நன்றாக இருக்கிறது. அதன் மேல் சிலிக்கான் பசையை அழுத்தி அச்செடுத்து, குறுக்கே நறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரம் போடும்போது வைத்து வைத்துப் பார்க்கலாம். வாங்கி, பத்திரமாக மாடத்தில் வைத்தார். அவர் மேல் மரியாதை கூடிவிட்டது.

மார்ச் 15

போன் இல்லை.

மார்ச் 17

நானே போனேன். உரித்த வளையங்கள் மங்கிய சாம்பல் நிறத்தில் மேசை மேல் கிடந்தன. குழிகளைத் தோண்டியதில் முன்பைவிட மோசமாகத் தெரிகிறது. அப்படித்தான் தெரிய வேண்டும்.

குரோம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். செக்கச்செவேல் என்று ஒரு திரவம். ஆறு இணைதிறன் குரோமியம். அந்தத் துளிப்புகையைச் சுவாசித்தால் மூக்கின் நடுத்தண்டே ஓட்டையாகும், நுரையீரலில் புற்றுநோய் வரும். உறிஞ்சும் விசிறி ஓடுகிறது, முகமூடி ஆணியில் தொங்குகிறது. போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வீட்டிலேயே செய்ய வாளியும் பாட்டரியும் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை இங்கே வந்து நிற்க வேண்டும். மூன்று இணைதிறன் குளியலுக்கு மாறும் யோசனை அவருக்கு இருக்கிறது. அதில் ஆபத்து வெகு குறைவு, நிறம்தான் சற்றுக் கறுக்கும், பழைய நீலம் வராது. நிறம் போனால் போகட்டும், மாறுங்கள் என்றேன்.

மார்ச் 19

ஸ்ப்ரே குரோம் அடித்தால் ஒரே நாள் வேலையாம். வேண்டாம்.

மார்ச் 22

செம்பு! நிரப்பி, மட்டமாக்கி, இரண்டும் செம்பு நிறத்தில் தயாராக இருந்தன. இப்படியே காரில் மாட்டிவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. ட்யூப்லைட்டின் கீழே பிடித்து மெதுவாகத் திருப்பினேன். விளக்கின் பிம்பம் ஒரு வெள்ளைக் கோடாக வளையத்தில் நகர்ந்தது. குழி மிச்சமிருந்தால் அந்த இடத்தில் கோடு துடிக்கும், மேடு இருந்தால் வீங்கும். இடதில் கோடு அசையாமல் போனது. வலதில் அடிப்பக்கம், அந்தக் கொப்புளம் இருந்த இடத்தில், துடித்ததா? அவர் இல்லை என்கிறார். எனக்கு நிச்சயமில்லை. நகத்துக்கும் ஒன்றும் தட்டவில்லை.

வரி அப்படியே இருக்கிறது. கீழே மெலிந்து மறைகிற இடம்கூட.

மார்ச் 24

துடித்தது. துடித்ததாகத்தான் நினைக்கிறேன். கண்ணின் புகைமூட்டமாகவும் இருக்கலாம். நிக்கல் ஏறிவிட்டால் பிறகு மறுபடி உரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். 27க்குப் பிறகு தூசியில் போகக்கூடாது, குனியக்கூடாது, தண்ணீர் படக்கூடாது. தெளிந்த கண்ணோடு பார்க்கும்வரை நிக்கலை நிறுத்தி வையுங்கள் என்று சொல்லலாமா? தொட்டி அவருடையது, வரிசையில் மற்றவர்கள் பாகங்களும் இருக்கின்றன. செம்பும் சும்மா கிடந்தால் கறுக்கும்.

மார்ச் 25

சொல்லிவிட்டேன். பதில் சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றார்.

மார்ச் 26

ராத்திரி எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். வலது வளையத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாராம். "நீங்க சொன்ன இடத்துல ஊசித்துளை ஒண்ணு இருக்கு சார். நிக்கல் போட்டா மூடிக்கும்." மூடாது, மேலே மட்டும் மூடிக்கொள்ளும் என்றேன். அவரும் அதைத்தான் நினைத்திருக்கிறார், என் வாயால் கேட்க வேண்டியிருந்தது போல. அந்த ஒரு இடத்தை மட்டும் திறந்து, திரும்ப சால்டர் வைத்து, இன்னொரு செம்பு ஏற்றச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமைக்குள் முடியும் என்கிறார்.