அப்பாவுக்கு குடல்ல ஸ்டென்ட் வெச்ச கதை: கீமோ ஃபைலை கையிலயே வெச்சுக்கோங்க

அப்பாவுக்கு பெருங்குடல்ல கேன்சர், ஈரலுக்கும் பரவியாச்சு. கீமோ மட்டும்தான் போயிட்டிருந்துச்சு. போன மாசம் மூணு நாளா மோஷன் இல்ல, காத்தும் பிரியல, வயிறு மத்தளம் மாதிரி உப்பிப் போச்சு. திண்டுக்கல்ல பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம். கேன்சர் பேஷண்ட்னு மூணு தடவை சொன்னேன். ஒரு எக்ஸ்ரே கூட எடுக்காம, வெறும் மலச்சிக்கல்னு பேதி மருந்து குடுத்துட்டாங்க. ஒரு மணி நேரத்துல பச்சை பச்சையா வாந்தி, வயித்தைப் பிடிச்சிட்டு சுருண்டுட்டார். இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது. தயவுசெஞ்சு ஞாபகம் வெச்சுக்கோங்க, மோஷனோட காத்தும் நின்னு வயிறு உப்புச்சுன்னா அது அடைப்பா இருக்கலாம், பேதி மருந்து குடுக்காம உடனே படம் எடுக்கச் சொல்லுங்க.

அன்னைக்கு ராத்திரியே மதுரை. சிடி எடுத்து, மூக்குல டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏத்துனாங்க. எடது பக்கம் கட்டி குடலை மொத்தமா அடைச்சிருக்கு. சர்ஜன் வந்து வயித்துல ஓட்டை போட்டு, மோஷன் வெளிய வர பை வெச்சிடலாம்னார். அப்பா "தம்பி, போற காலத்துல எனக்கு பை வேணாம்யா"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னார், அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

அப்புறம் கேஸ்ட்ரோ டாக்டர்தான் ஸ்டென்ட் பத்தி சொன்னார். மெல்லிசான கம்பி வலையில செஞ்ச குழாய், பேனா ரீஃபில் தடிமனுக்கு ஒடுக்கி காமெரா வழியா உள்ள அனுப்பி, அடைப்புல விட்டா தானா விரியும், முழுசா விரிய ஒண்ணு ரெண்டு நாள் ஆகலாம், விரிஞ்சா ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல வழி கெடைக்கும். கேன்சரை இது ஒண்ணும் செய்யாது, வழி மட்டும்தான் விடும்னு தெளிவா சொன்னார். அடைப்பு ஒரே எடத்துல இருந்தாதான் இது சரியா வரும், குடல் பூரா அங்கங்க அமுக்கியிருந்தா பிரயோஜனம் இல்லையாம். குடல்ல ஓட்டை விழலாம், ஸ்டென்ட் நகந்துடலாம், கட்டி வலைக்குள்ள வளந்து மறுபடி அடைக்கலாம்னு எல்லாத்தையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்குனார்.

கையெழுத்து போட்டு முடிச்சப்புறம்தான் கேட்டார், "கீமோவோட பெவாசிஸுமாப் போகுதா?" அந்த மருந்து போயிட்டிருந்தா ஸ்டென்ட் வெச்ச எடத்துல ஓட்டை விழற ஆபத்து ஜாஸ்தியாம், அது தெரியாம கை வைக்க மாட்டேன்னுட்டார். எனக்கு தெரியல. கையில இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில கீமோ குடுத்தோம்னு ஒரு வரி, அவ்ளோதான். கீமோ குடுத்த எடத்துக்கு போன் போட்டா, ரெக்கார்ட் ரூம் பூட்டியாச்சு, நாளைக்கு லெட்டரோட நேர்ல வாங்கன்னு வெச்சுட்டாங்க. போட்டோ அனுப்பச் சொல்லலாம்னா அம்மாவும் எங்கூட ஆஸ்பத்திரியில, வீடு பூட்டு, சாவி என் பையில.

பஸ் ஏறிட்டேன். போக வர நாலு மணி நேரத்துக்கு மேல. கதவுக்குப் பின்னாடி தொங்குன மஞ்சப்பையில, மருந்துக்கடை பில்லுக்கு நடுவுல கீமோ சார்ட் மடிஞ்சு கெடந்துச்சு. வெறும் ஃபோல்ஃபாக்ஸ்ங்கற கீமோ மருந்துக் கலவைதான், அந்த பெவாசிஸுமாப் இல்ல. பஸ்ஸுலயே போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புனேன், ஆனா அதுக்குள்ள அன்னைக்கு எண்டோஸ்கோப்பி லிஸ்ட் முடிஞ்சிருச்சு. அந்த ஒரு ராத்திரி அப்பா மூக்குல டியூபோட முனகிட்டே கெடந்தார், நர்ஸ் டியூப் பையை மாத்த மாத்த பச்சைத் தண்ணி ரொம்பிட்டே இருந்துச்சு. ஒரு பேப்பருக்காக.

மறுநாள் ஸ்டென்ட் வெச்சது முக்கால் மணி நேரம், ஒரு சிக்கலும் இல்ல. ராத்திரி ரெண்டரை மணிக்கு என் கையைத் தட்டி "தம்பி, காத்து பிரிஞ்சிருச்சுய்யா"ன்னார். அம்மா அந்த நேரத்துல எந்திரிச்சு உக்காந்து அழுதுட்டாங்க. விடியறதுக்குள்ள வயிறு பாதியா வத்திருச்சு.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு இன்னொண்ணு. ஸ்டென்ட் பாக்ஸுல வர்ற ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டுல ஒட்டல, அது இல்லாம இன்சூரன்ஸுல பணம் வராதுன்னு பில்லிங்ல சொல்லிட்டாங்க. நல்லவேளை, எண்டோஸ்கோப்பி ரூம் சிஸ்டர் ஒரு ஸ்டிக்கரை ரெஜிஸ்டர்ல ஒட்டி வெச்சிருந்தாங்க. நீங்க அன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க, பின்னாடி எம்ஆர்ஐ எடுக்கணும்னாலும் என்ன ஸ்டென்ட்னு கேப்பாங்க.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வாழத்தண்டு பொரியல் கொண்டு வந்துட்டாங்க, மலச்சிக்கலுக்கு நல்லதுன்னு. நார் இருக்கறது எதுவும் ஆகாது அத்தை, வலையில போய் சிக்கும்னு சொல்லி புரிய வெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. கீரைத்தண்டு, முருங்கக்கா, கொய்யா எல்லாம் கட். இட்லி, கொழைஞ்ச ரசம் சோறு, மோர், அதோட மோஷன் இளகலா போக தெனம் சிரப். மூணு வாரமா தானா நடந்து பாத்ரூம் போறார். நேத்து மீன் கொழம்பு கேட்டார். முள்ளை சுத்தமா எடுத்துட்டு குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார், ஞாயித்துக்கெழமை சங்கரா வாங்கணும்.