61 மரம், 60 இடைவெளி

நம் பள்ளி நினைவு மலரின் குழு கேட்டது நினைவுக் கட்டுரை. பள்ளி மணியைப் பற்றியும் கேண்டீன் நாசி லெமாக் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இன்றும் பிள்ளைகள் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போன உடனே கால்குலஸ் (நுண்கணிதம்), தொழில்சார் தொடர்பாடல், நிரலாக்கம் என்று மூன்று பாடங்கள் வரிசைகட்டி நிற்கும். நம் வகுப்பறையில் படித்ததில் எது அங்கே கைகொடுக்கும், எது காலை வாரும் என்பதை மட்டும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

காலை வாருவது பெரும்பாலும் ஒரே பழக்கம்தான். மனத்துக்குள்ளேயே கணக்கைப் போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுவது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். கல்லூரியிலோ மதிப்பெண் இடைவரிகளில் இருக்கிறது.

வகையிடலும் தொகையிடலும் இடைநிலைப்பள்ளிக் கூடுதல் கணிதத்திலேயே வந்துவிடுவதால் கால்குலஸ் முதல் இரண்டு வாரம் பழைய சோறு மாதிரித் தெரியும். அப்புறம் எல்லை என்ற கருத்து வரும். (அ² − 9) ÷ (அ − 3) என்பதில் அ 3-ஐ நெருங்கினால் என்ன மதிப்பு? நேராக 3-ஐப் போட்டால் 0/0. பாதிப் பேர் விடை 0 என்பார்கள், மீதிப் பேர் விடையே இல்லை என்பார்கள். மேலே உள்ளதை (அ − 3)(அ + 3) என்று பிரித்து, பொதுக் காரணியை அடித்தால் அ + 3 மிஞ்சும், விடை 6. அடிக்கலாம் என்பதற்குக் காரணத்தையும் எழுத வேண்டும்: அ 3-ஐ நெருங்குகிறதே தவிர 3 ஆவதில்லை, ஆகவே நாம் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பெண்.

மற்ற சறுக்கல்கள் தெரிந்தவையே. (3அ + 1)-இன் 5-ஆம் அடுக்கை வகையிட்டு 5(3அ + 1)⁴ என்று நிறுத்திவிடுவார்கள்; உள்ளே இருக்கும் 3 வெளியே வந்து 15 ஆக வேண்டும். (அ² + 9)-இன் வர்க்கமூலம் அ + 3 என்று எழுதுவார்கள். இது கால்குலஸ் பிழையே அல்ல, படிவம் மூன்று (ஒன்பதாம் வகுப்பு) அல்ஜிப்ரா. கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்க்காமல் சைன் 30 அடித்தால், ரேடியனில் 0.5-க்குப் பதிலாக −0.988 வரும். சைனின் வகைக்கெழு கோசைன் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை. தொகையிட்ட பிறகு மாறிலியைச் சேர்க்க மறப்பதைச் சொல்லவே வேண்டாம்.

மாணவர்கள் அதிகம் பயப்படுவது தொடர்புடைய வீதக் கணக்கு. பயப்படத் தேவையில்லை, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். மங்கு உண்மையில் கிண்ணம்தான். தேர்வுத் தாளுக்காகக் கூம்பாக்கிக் கொள்வோம். ஆரம் எப்போதும் உயரத்தில் பாதி என்றால் கொள்ளளவு π × உயரம்³ ÷ 12. நிமிடத்துக்கு 2 மில்லி பால் சொட்டுகிறது. பால் 4 செ.மீ. உயரத்தில் இருக்கும்போது மட்டம் எவ்வளவு வேகமாக ஏறும்? முதலில் வகையிட வேண்டும்: கொள்ளளவு மாறும் வீதம் = (π × உயரம்² ÷ 4) × உயரம் மாறும் வீதம். பிறகுதான் 4-ஐப் போட வேண்டும். 2 ÷ 4π, ஏறத்தாழ நிமிடத்துக்கு 0.16 செ.மீ. 2 செ.மீ. உயரத்தில் இதுவே 0.64, நான்கு மடங்கு. அடி குறுகல் என்பதால். எண்ணை முதலிலேயே போட்டுவிட்டால் கொள்ளளவு மாறிலியாகி வகைக்கெழு பூஜ்யமாகிவிடும். மங்கு நிறைந்துகொண்டிருக்கும், விடைத்தாளில் மட்டும் பால் நின்றுவிடும்.

தொகையிடலைப் புரியவைக்கவும் தோட்டமே போதும். பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன் கிளம்புவது சும்மா இல்லை. இரவில் இலை வழியே நீர் அதிகம் போகாததால் பால்குழாய்களில் அழுத்தம் அதிகாலையில்தான் மிகுதி. வெட்டியவுடன் பால் வேகமாக ஓடும், போகப்போகத் தளரும், குழாய் வாய் அடைத்துக்கொண்டதும் நிற்கும். ஓட்ட வேகம் நேரத்தோடு மாறுகிறது. மங்கில் சேர்ந்தது எவ்வளவு? தொகையிடல் என்பது இந்தக் கேள்விதான்.

எடுத்துக்காட்டுக்கு, தொடக்கத்தில் நிமிடத்துக்கு 4 மில்லி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 0, 20, 40, 60 நிமிடங்களில் வேகம் 4, 2, 1, 0.5. ஒவ்வொரு துண்டின் தொடக்க வேகத்தையும் எடுத்தால் 20 × (4 + 2 + 1) = 140 மில்லி. முடிவு வேகத்தை எடுத்தால் 20 × (2 + 1 + 0.5) = 70. இரண்டின் சராசரி 105. இதுதான் சரிவக விதி. உண்மை விடை 80-ஐ (4 × 20) 0.693-ஆல் வகுத்து 7/8-ஆல் பெருக்கினால் வரும் 101. 0.693 என்பது 2-இன் இயல் மடக்கை. சரிவகம் ஏன் 4 மில்லி கூடுதலாகக் காட்டுகிறது? வளைகோடு குழிந்து இறங்குகிறது, இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு அதற்கு மேலே போகிறது. இந்த ஒரு படத்தை வரைந்து காட்டத் தெரிந்தால் அந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது. அலகையும் எழுதுங்கள்: மில்லி/நிமிடம் × நிமிடம் = மில்லி. அலகு சரியாக வராவிட்டால் கணக்கும் சரியில்லை.

இதே கணக்கை நிரலாக்க வகுப்பில் பைதான் என்ற நிரல்மொழியில் போடச் சொல்வார்கள், இம்முறை 1 நிமிடத் துண்டுகளாக. 60 துண்டு என்றால் புள்ளிகள் 61. நிரையில் 61 மரம் நின்றால் இடைவெளி 60 என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் கணினி முன் உட்கார்ந்ததும் மறந்துபோகும். புள்ளிகளை எண்ண ரேஞ்ச்(60) என்று எழுதினால் 0 முதல் 59 வரைதான் எண்ணும், 60 வராது. கடைசித் துண்டு விடுபட்டு ஏறத்தாழ அரை மில்லி குறையும். நிரல் நிற்காது, பிழை என்றும் சொல்லாது. தப்பான விடையை அமைதியாகத் தரும் நிரல்தான் ஆபத்தானது. மொத்தம் = 0 என்ற வரியைச் சுழலுக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) தள்ளி எழுதினாலும் இதே கதை, கடைசித் துண்டு மட்டும் மிஞ்சும். பைதானில் வரியின் உள்தள்ளலே இலக்கணம். பைதான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். வீட்டில் பழகும்போது தாராளமாக வையுங்கள்.

செக்ரோல் கணக்கை, அதாவது தோட்டத்து வருகை, கூலிப் பதிவை, நிரலாக எழுதுவது நல்ல முதல் பயிற்சி. கிராணி (தோட்டத்து எழுத்தர்) பேரேட்டில் செய்ததுதான்: பெயர், வந்த நாள், நாள் கூலி, மொத்தம். விசைப்பலகையிலிருந்து வாங்கும் எதையும் பைதான் எழுத்தாகவே வைத்திருக்கும். அப்படி வாங்கிய 26 என்ற நாள் கணக்கை எண்ணாக மாற்றாமல், நிரலில் எண்ணாக எழுதிய 50 வெள்ளியால் (ரிங்கிட்) பெருக்கினால் 1300 வராது, 26 என்ற எழுத்து 50 முறை ஒட்டிக்கொண்டு வரும். அடுத்த பள்ளம் சென் கணக்கு (1 வெள்ளி = 100 சென்). கணினியின் தசம எண்ணில் 0.1 + 0.2 சரியாக 0.3 ஆகாது. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குத் திருத்துகிறார்கள். இதைத் தசமத்தில் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் சென்னில் முழு எண்ணாக வையுங்கள். 2 கூட்டி, 5-ஆல் வகுத்து மீதியைத் தள்ளி, மறுபடி 5-ஆல் பெருக்குங்கள். 12 சென் 10 ஆகும், 13 சென் 15 ஆகும், 17 சென் 15, 18 சென் 20. விளிம்பில் நிற்கும் இந்த நான்கு எண்களையும் போட்டுப் பார்த்த பிறகே ஒப்படையுங்கள்.

தொடர்பாடல் பாடத்தை இலகு என்று எடுப்பவர்கள்தான் அதில் குறைந்த மதிப்பெண் வாங்குகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கப் பழகினோம். மலாய் அலுவல் கடிதத்தில் தலைப்பை அடுத்து, இரண்டாம் பத்தியிலிருந்து எண்ணிட்டு, ‘செக்கியான், தெரிமா காசே’ (இத்துடன் முடிக்கிறேன், நன்றி) என்று முடிக்கப் பழகினோம். ஆங்கில மின்னஞ்சலுக்கு இரண்டும் பொருந்தா. அங்கே முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று வந்துவிட வேண்டும். விரிவுரையாளருக்கு எழுதும்போது பாடம், பிரிவு, மாணவர் எண் மூன்றும் பொருள்வரியில். பிறகு: ‘அறிக்கையை ஒப்படைக்க வெள்ளி மாலை 5 மணி வரை அவகாசம் கேட்கிறேன். அளவீடு முடிந்தது, வரைபடம் மட்டும் மீதி.’ இவ்வளவுதான். பணிவு என்று நினைத்து மூன்று பத்தி சுற்றினால், கேட்டது என்னவென்றே அவருக்குத் தெரியாமல் போகும்.

செய்முறை விளக்கம் எழுதுவது இன்னொரு வழக்கமான பணி. ரப்பர் ஷீட் செய்வதை எடுத்து எழுதிப் பாருங்கள். பாலை வடிகட்டு, நீர் கலந்து நீர்க்கவை, ஃபார்மிக் அமிலத்தைத் தனியாக நீரில் கரைத்துச் சேர், தட்டில் உறையவிடு, உருளையில் அழுத்து, தொங்கவிட்டுப் புகையில் உலர்த்து. ஒரு வாக்கியத்தில் ஒரே செயல். ‘கொஞ்சம்’, ‘தேவையான அளவு’ கூடாது. கையுறை போடச் சொல்லும் எச்சரிக்கை அமில வரிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் அதைப் படிக்கும்போது கை வெந்திருக்கும். எழுதியதை ஷீட் ரப்பரையே பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறார் என்று கவனியுங்கள். அங்கேதான் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

வெளிநாட்டுக்குப் போகப்போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம் பெயர்களின் நடுவே நிற்கும் ‘ஏ/எல்’ (மலாயில் ‘மகன்’), ‘ஏ/பி’ (‘மகள்’). பல விண்ணப்பப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் அப்பா பெயரைப் போட வேண்டிவரும்; பிறகு எல்லோரும் உங்களை அப்பா பெயரில் கூப்பிடுவார்கள். கோப்புப் பெயரில் சாய்கோடு இருந்தால் விண்டோஸ் சேமிக்கவே விடாது. லினக்ஸில் அது கோப்புறையைப் பிரிக்கும் குறி. சாய்கோட்டை எடுத்துவிட்டு, கடப்பிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே முதல் படிவத்திலிருந்து பட்டச் சான்றிதழ் வரை ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள்.