மிச்சச் சோறும் சுண்டின குழம்பும்: காரைக்குடி அடுப்படிக் குறிப்புகள்

10 மார்ச் 2025, திங்கள்

சந்தை நாள். இருட்டும் நேரத்தில் போனால் வெண்டை, கத்தரி, அவரை எல்லாம் கூறு கட்டி விலையைக் குறைத்துப் போடுவார்கள். அந்தக் கூறில் கால் கிலோ வெண்டை இருந்தால் நாலு பேருக்கு ஒரு மண்டிக் குழம்பு ஆகிவிடும். பருப்பும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம். அரிசி கழுவிக் கீழே கொட்டுகிற தண்ணீர், அந்தக் கழனிதான் குழம்பு.

அரிசியின் முதல் கழுவலில் தூசி வரும், அது செடிக்கு. இரண்டாவது தடவை அரிசியை நன்றாகத் தேய்த்துக் கழுவி மூன்று டம்ளர் கழனி எடுக்க வேண்டும். ரேஷன் அரிசி என்றால் மூன்றாவது கழுவல்தான் சுத்தம். புழுங்கலரிசிக் கழனி தண்ணியாக இருக்கும், ஏனென்றால் அவிக்கும்போதே மாவு அரிசிக்குள் இறுகிவிடுகிறது. அதற்கு ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து விட்டால் சரியாகும்.

வெண்டைக்காயை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, நல்லெண்ணெயில் பிசுபிசுப்புப் போகும்வரை வதக்கித் தனியாக வைக்கவும். அதே சட்டியில் கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம், பெருங்காயம் தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, கீறின பச்சை மிளகாய் ஆறு போட்டு வதக்கவும். பெரிய நெல்லிக்காய் அளவு புளியைக் கழனியிலேயே கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு, கிளறிக்கொண்டே பத்து நிமிடம் கொதிக்கவிடவும். கிளறாவிட்டால் மாவு அடியில் பிடித்துத் தீய்ந்துவிடும். கடைசியில் வெண்டையைப் போட்டு ஐந்து நிமிடம்.

மொச்சை, பலாக்கொட்டை, மாங்காய் சேர்த்துச் செய்வதானால் மொச்சையும் கொட்டையும் முன்பே வெந்திருக்க வேண்டும். புளி விட்ட பிறகு காய் வேகாது, எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றுதான் இருக்கும்.

11 மார்ச், செவ்வாய்

நேற்று வடித்த சோற்றில் மிஞ்சியது இன்று காலை நீராகாரம். இதில் கவனம் முழுவதும் முதல் நாள் ராத்திரிதான். சோறு சட்டியிலேயே மூடிக் கிடக்கக் கூடாது. அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, வடித்து இரண்டு மணி நேரத்துக்குள் மண்பானையில் போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்க ஊற்ற வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் காலையில் கொழகொழவென்று கிடக்கும். உப்பு இப்போது வேண்டாம், அது புளிப்பைத் தாமதப்படுத்தும். சாப்பிடும்போது மோரோடு சேர்க்கலாம்.

மாசிக் கடைசியின் வெக்கைக்கு எட்டு மணி நேரம் போதும். லேசான புளித்த வாடை நல்லது. நூல் இழுத்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். மூடிப்போட்டுச் சூட்டோடு ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து எலுமிச்சைச் சோறாக்குவது ஆபத்து. அதில் சில கிருமிகள் விடும் நஞ்சு சூடு காட்டினாலும் போகாது. சிக்கனம் பிள்ளைகள் வயிற்றில் போய் முடியக் கூடாது.

12 மார்ச், புதன்

சாம்பார். ரேஷன் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், நாலு பேருக்கு 100 கிராம் போதும், ஆக மூன்று ரூபாய். சில தடவை பழைய பருப்பாக வரும். அரை மணி நேரம் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் கேஸ் மிச்சமாகும். சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் ஒரு கரண்டி சாம்பாரில் விட்டால் பருப்பு குறைவாக இருந்தும் குழம்பு திடமாக நிற்கும்.

14 மார்ச், வெள்ளி

மிஞ்சினதை எந்த வரிசையில் தீர்க்கிறோம் என்பதில்தான் பணம் இருக்கிறது. தேங்காய் அரைத்து விட்ட குழம்பு அன்றைக்கே தீர வேண்டும். பருப்புப் போட்டது மறுநாள் மத்தியானம் வரை, அதுவும் ராத்திரியே கொதிக்கவைத்து எடுத்து வைத்தால்தான். புளிக்குழம்பு மட்டும்தான் காத்திருக்கும்.

நேற்றுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பில் இரண்டு கரண்டி மீந்தது. இன்று அதைச் சுண்டவைக்கலாம். மண்சட்டியில் ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, குழம்பை ஊற்றி, சிறு தீயில் பாதிக்கும் கீழே வற்றவிட வேண்டும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, குமிழ் பெரிதாகி, கரண்டியால் இழுத்த கோடு ஒரு கணம் நின்று மூடினால் பதம். உப்பு மறுபடி போடக் கூடாது. வற்ற வற்ற அதுவே ஏறிவிடும். ஏறிப்போனால் உப்பில்லாமல் வதக்கின நாலு கத்தரிக்காய்த் துண்டைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் இறங்கும். அலுமினியச் சட்டி வேண்டாம், புளி அதை அரிக்கும். காலை மாலை ஒரு கொதி காட்டி, ஈரக் கரண்டி படாமல் வைத்தால் இரண்டு நாள் நீராகாரத்துக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம்.

15 மார்ச், சனி

புளித்துப்போன தோசை மாவு மூன்று டம்ளர் இருந்தால் காரப் பணியாரம். அரை மணி நேரம் ஊறின கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, புளிப்பை அமர்த்தக் கால் டம்ளர் அரிசி மாவு, தாளித்து வதக்கின வெங்காயமும் மிளகாயும். வெங்காயத்தைப் பச்சையாகப் போட்டால் நீர்விட்டு நடுவில் வேகாமல் நிற்கும். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய், நடுத் தீ, மூடி போட்டு ஒரு பக்கம், திருப்பிப் போட்டு மூடாமல் மறுபக்கம். ஏழு குழிச் சட்டியில் நாலு ஈடு வரும். ஒட்டினால் சட்டி காயவில்லை என்று அர்த்தம்.

16 மார்ச், ஞாயிறு

பங்குனி வெயில் வந்துவிட்டது, சோற்று வத்தலுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. வடித்து ஆறினதும் குளிர்பெட்டியில் வைத்த சோறு இரண்டு டம்ளர், பச்சை மிளகாய் மூன்று, சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவாக. காய்ந்தால் உப்புக் கூடித் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்து அரைக்கத் தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றி அரைத்தால் துணியில் பரவி, காயும்போது வெடிக்கும். காலை எட்டு மணிக்குள் வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், ஈர வேட்டி விரித்துக் கிள்ளி வைத்தால் மாலையில் மேல்பக்கம் இறுகியிருக்கும். துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்து, மறுநாள் அடிப்பக்கம் மேலே வரும்படி தட்டில் காயவைக்க வேண்டும். உடைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் காட்டிவிட்டே டப்பாவில் போடவும், இல்லாவிட்டால் ஆடிக்குள் பூசணம் பூத்துவிடும்.