கர்பாத்தினா முதல் யூனியன் வரை: அமெரிக்க ருமேனியர் சங்கங்களின் கணக்கு

அமெரிக்க ருமேனியர் சங்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கொடி, நடனம், தேவாலயம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கணக்குப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தால்தான் இந்த வரலாறு பிடிபடும்.

1900-ஐ ஒட்டி ஓஹையோ, பென்சில்வேனியா எஃகு ஆலைகளுக்கு வந்து சேர்ந்த ருமேனியர்களில் பெரும்பாலோர் ருமேனியா நாட்டுக்காரர்கள் அல்ல. அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த டிரான்சில்வேனியா, பனாட், புகோவினா பகுதி விவசாயிகள். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாக வந்த ஆண்களே அதிகம். ஆயிரம் டாலரும் திரும்பிப் போகும் வழிச்செலவும் சேர்ந்தால் போதும், ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது.

ஆலையில் ஒருவர் செத்தால் என்ன ஆகும்? பென்சில்வேனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1915-ல்தான். அதுவரை அடக்கச் செலவும் ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பும் பணமும் கூட இருப்பவர்கள் போட்டால்தான் உண்டு. 1902-ல் ஓஹையோவின் கிளீவ்லாந்தில் ‘கர்பாத்தினா’, பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட்டில் ‘வுல்தூருல்’ என்ற சங்கங்கள் தோன்றியது இதற்காகத்தான். கிளீவ்லாந்தில் ஆர்த்தடாக்ஸ் தேவாலயமான புனித மரியாள் சபை 1904-லும், கிரேக்க கத்தோலிக்கரின் (கிழக்கத்திய வழிபாட்டு முறையோடு போப்பாண்டவரை ஏற்றவர்கள்) புனித ஹெலனா 1905-லும்தான் வந்தன. முதலில் சங்கம், பிறகுதான் கோயில். இந்த வரிசையை மறந்தால் கதையே தலைகீழாகிவிடும்.

அந்தக் காலத்துக் குடியேறிகள் சங்கங்களில் உதவித்தொகை சும்மா கிடைக்காது. மருத்துவர் சான்று வேண்டும். உறுப்பினர்களே நோயாளியின் அறைக்குப் போய்ப் பார்ப்பார்கள். சந்தா பாக்கி வைத்தவருக்கும் குடித்துச் சண்டை போட்டு அடிபட்டவருக்கும் பணம் இல்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் நாடாப் பட்டைக்கு இரண்டு பக்கம்: ஊர்வலத்துக்கு வண்ணப் பக்கம், சாவு வீட்டுக்குத் திருப்பிக் குத்த கறுப்புப் பக்கம். சங்கம் எதற்காக இருந்தது என்பதை அந்த ஒரு துண்டுத் துணியே சொல்லிவிடும்.

சிறு சங்கத்துக்கு ஒரே மாதத்தில் இரண்டு சாவு வந்தால் பெட்டி காலி. ஆகவே 1906-ல் ஹோம்ஸ்டெட்டில் கூடி ருமேனியச் சங்கங்களின் யூனியனை அமைத்தார்கள். அதே ஆண்டு பாதிரியார் மோய்சே பாலேயா கிளீவ்லாந்தில் தொடங்கிய ‘அமெரிக்கா’ என்ற பத்திரிகையை யூனியனே பின்னர் வாங்கிக்கொண்டது. பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் உறுப்பினர்களுக்கு அறிவிப்பு போய்ச் சேர வேறு வழி ஏது?

இனி எங்கே இடித்தது என்று பார்ப்போம். இத்தகைய சங்கங்கள் பலவற்றில் வயது எதுவானாலும் ஒரே சந்தா. உதாரணத்துக்கு 200 பேர், எல்லோருக்கும் 30 வயது, சாவுக்கு 200 டாலர் என்று வையுங்கள். அக்கால மரண அட்டவணைப்படி அந்த வயதில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 8 சாவு. தலைக்கு ஆண்டுக்கு 1 டாலர் 60 சென்ட் போதும். அதே கூட்டம் 60 வயதில் 120 பேராகச் சுருங்கினால், ஆயிரத்துக்குச் சுமார் 27 சாவு, தலைக்கு 5 டாலருக்கும் மேல். இளைஞன் ஏன் சேர்வான்? அவன் சேராவிட்டால் மிச்சமிருப்பவர்களின் பங்கு இன்னும் ஏறும். இதைத் தடுக்கத்தான் 1910-ல் ‘மொபைல் மசோதா’ (மொபைல் என்பது அலபாமாவில் ஓர் ஊர்) என்ற மாதிரிச் சட்டம், இப்படிப்பட்ட சங்கங்கள் போதிய கட்டணம் வசூலிக்க வேண்டும் என்றது. பழைய உறுப்பினர்களிடம் கட்டணத்தை ஏற்றுவது எந்தப் பொருளாளருக்கும் தலைவலிதான்.

1918 இன்ஃப்ளூயன்ஸா இருபது, முப்பது வயதுக்காரர்களைக் கொத்தாகக் கொண்டுபோனது. அட்டவணை எதிர்பாராத வயது அது. 1924 குடியேற்றச் சட்டம் ருமேனியாவுக்கு ஆண்டுக்கு 603 பேர் என்று வரம்பு வைத்தது. புது ரத்தம் வரும் வாசல் ஏறக்குறைய அடைபட்டது. 1928-ல் யூனியனும், தனியாக இயங்கிவந்த இன்னொரு ருமேனியச் சங்கக் கூட்டமைப்பான லீகும் ஒன்றாக இணைந்ததை ஒற்றுமை உணர்வு என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பாது. புதிதாக ஆள் வராத சமூகத்தில் இரண்டு அலுவலகம், இரண்டு நிதி வைத்து நடத்துவது கட்டுப்படியாகாது.