ஊர்க்கடை: தடைக்கால நாட்குறிப்பு

ஏப்ரல் 7, 2024, ஞாயிறு

சாயங்காலம் வலை பின்னும் கூடத்தில் ஊர்க்கூட்டம். பேச்செல்லாம் கடையைப் பற்றித்தான். எங்கள் மீனவக் குப்பத்துக்குள் இருந்த ஒரே மளிகைக் கடையை அண்ணாச்சி போன மாதம் மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவர்மேல் யாருக்கும் குறையில்லை. வயதாகிவிட்டது, பிள்ளைகளும் கடைக்கு வரவில்லை. ஆனால் இப்போது அரை லிட்டர் பாலுக்கும் எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்ட வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து ஓடும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் வரும் வண்டி கண்ணில் படாது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் அடிபட்டான். முழங்காலில் நாலு தையல். வாங்கப் போனது டீத்தூள்.

வீட்டுக்கு 500 ரூபாய் பங்கு, கடையில் உட்காருகிறவருக்குச் சம்பளம் கிடையாது என்று முடிவானது. 74 வீடு கை தூக்கியது. கூடத்தை ஒட்டிய சின்ன அறையைத் தலைவர் மாமா திறந்துவிடச் சொன்னார்.

ஏப்ரல் 12, வெள்ளி

இரண்டு நாள் அலைச்சல். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் போதும். வருடத்துக்கு 100 ரூபாய். மின் தராசுக்கு முத்திரை கட்டாயம். பழைய தராசு ஒன்று இலவசமாகக் கிடைத்தது, முத்திரை காலாவதியான தராசு. வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஊர்க்கடையில் நிறுவை பற்றி ஒரு பேச்சு வந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது.

ஏப்ரல் 16, செவ்வாய்

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டு விசைப்படகுகள் (நாங்கள் லாஞ்சு என்போம்) கடலுக்குப் போகாது. எங்கள் ஆண்களில் பாதிப் பேர் லாஞ்சில் கூலிக்குப் போகிறவர்கள்.

குட்டியானை வண்டியில் செங்குன்றம் போய் அரிசி எடுத்தோம். பத்து மூட்டை, ஒவ்வொன்றும் 26 கிலோ. அதென்ன 26 என்று கேட்டேன். 2022-ல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள், அதிலிருந்து ஒரு கிலோ கூட்டித்தான் கட்டுகிறோம் என்றார் மண்டிக்காரர். தேர்தல் நேரமாதலால் போகிற வழியில் பறக்கும் படை நிறுத்தியது. கையில் இருந்தது 37,000. ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தால்தான் கணக்குக் கேட்பார்களாம். பங்குப் பட்டியலைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கடன் கொடுப்பதா வேண்டாமா? மூன்று மணி நேரம் சண்டை.

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து இதே மாதிரி ஒரு கடை போட்டார்கள். முதலில் விற்றது மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி. அவர்களை முன்மாதிரியாகக் கொண்டுதான் 1904-ல் நம் திருவல்லிக்கேணியிலேயே டியூசிஎஸ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. ராச்டேல்காரர்களின் கண்டிப்பான விதி, கைக்காசு கொடுத்தால்தான் பொருள். பி.காம் படிக்கும் தம்பி இதையெல்லாம் சொல்லி, "கடன் குடுத்தா மூணு மாசத்துல மூடிடலாம் ஆயா" என்றான்.

ஆயா விடவில்லை. "கையில துட்டு இருந்தா நான் எதுக்குடா உங்க கடைக்கு வரேன்? ரோட்டைத் தாண்டிப் பெரிய கடைக்கே போயிடுவேன்."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ரேஷன் அரிசி இருக்கிறது. மிளகாய்த்தூள், சோப்பு, டீத்தூள் காசில்லாமல் வராது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 கைக்கு வரும்வரை ஓட்ட வேண்டுமே. இல்லையென்றால் தண்டல்தான். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

கடைசியில் ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து 25,000-ஐக் கடனுக்கென்றே ஒதுக்கினார்கள். வீட்டுக்கு 600 வரை, நாற்பது வீட்டுக்கு. பங்குப் பணத்தைத் தொடக் கூடாது.

ஏப்ரல் 28, ஞாயிறு

கடை திறந்தோம். முதல் வியாபாரம் ஐந்து ரூபாய்க்குச் சீரகம்.

மே 9, வியாழன்

பத்து ரூபாய்க்குப் பருப்பு, ஐந்து ரூபாய்க்கு மிளகு. இப்படித்தான் நாள் முழுக்க. கிலோ பாக்கெட்டாக அடுக்கி வைத்ததில் பாதி அப்படியே கிடக்கிறது. பிரித்துப் பொட்டலம் போட்டதுதான் ஓடுகிறது. எண்ணெயை மட்டும் பிரித்து ஊற்றி விற்கச் சட்டம் இடம் தராது. சின்ன பாக்கெட் தேடிக்கொண்டிருக்கிறோம்.

விடியற்காலைப் பாலுக்கு யார் உட்காருவது என்று கவலைப்பட்டோம். லாஞ்சு டிரைவராக இருந்து ஓய்ந்த தாத்தா தானே வந்தார். "மூணு மணிக்கு எழுந்து பழகின உடம்பும்மா, சும்மா படுத்துனு இருக்க முடியல." நாலு மணிக்கு ஆவின் டப் இறங்கும்போது அவர் வாசலில் நிற்கிறார்.

மே 17, வெள்ளி

இன்று மனசு சரியில்லை. நாற்பது வீட்டுக்குக் கடன் ஒதுக்கியும் ஆறு வீடுதான் வாங்கியிருக்கிறது. காரணம் இன்றுதான் தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா தண்டல் வாங்கிவிட்டாராம். ஏன்க்கா, நம்ம கடை இருக்கே என்றேன். "உன் நோட்டுல என் பேரை எழுதுவே. நாளைக்கு உன் இடத்துல என் நாத்தனார் உட்காருவா" என்றார்.

நான் இதை யோசிக்கவே இல்லை. அண்ணாச்சி வெளியூர்க்காரர். அவருடைய நோட்டில் இருந்தது அவரோடு போயிற்று. எங்கள் கடையில் தினமும் வேறு வேறு ஆள் உட்காருகிறோம், எல்லோரும் உறவு. விலையும் எடையும் பார்த்தோம், ஒருவருடைய கஷ்டம் எத்தனை கண்ணில் படும் என்று பார்க்கவில்லை.

மே 19, ஞாயிறு

நோட்டில் இனி பெயர் இல்லை, பங்கு எண் மட்டும். நோட்டு தாத்தாவிடம் மட்டும் இருக்கும். கடன் கொடுப்பது காலை நாலு முதல் ஆறு வரை, அவர் இருக்கும்போதுதான். பி.காம் தம்பி வாரத்துக்கு ஒரு முறை கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பான்.

மே 31, வெள்ளி

நாற்பது எண்ணும் எழுதியாயிற்று.

ஜூன் 5, புதன்

ராத்திரி கரண்ட் போய் மீதியிருந்த பதினெட்டு பாக்கெட் பால் திரிந்துவிட்டது. 360 ரூபாய் நஷ்டம். கேட்பு நோட்டில் முன்கூட்டிச் சொன்ன வீட்டுக்கு மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

ஜூன் 15, சனி

நள்ளிரவு தாண்டியதும் லாஞ்சுகள் கிளம்பின. கரையிலிருந்து விளக்குகள் தெரிந்தன.

ஜூன் 24, திங்கள்

முதல் நடை போன லாஞ்சுகள் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. இன்று பால் நேரத்தில் தாத்தாவுக்குத் துணையாக உட்கார்ந்தேன். இருட்டில் யாராவது வந்தால், "போய் டப்பைக் கழுவிட்டு வாம்மா" என்று என்னைக் குழாயடிக்கு அனுப்பினார். நான்கு முறை கழுவினேன்.

ஆறு மணிக்கு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "முப்பத்தொண்ணு அடிச்சாச்சு. ஒம்பது இருக்குது" என்றார். எந்த ஒன்பது என்று நான் கேட்கவில்லை. கல்லாப் பணத்தை எண்ணிக் கட்டினேன். நாளைக்குச் செங்குன்றம் போகிறோம். இந்த முறை எட்டு மூட்டை, கூடவே சின்ன பொட்டலக் காகிதம் ஐந்து கட்டு.