சுவரைப் பார்த்துப் பேசாதீர்கள்: டெக்ஸஸ் பள்ளியில் பேச்சும் நாடகமும்

போன சனிக்கிழமையோடு பேச்சுப் போட்டி சீசன் முடிந்தது. கடைசிப் போட்டியில், இன்டர்நேஷனல் எக்ஸ்டெம்ப் (உலக நடப்பு பற்றிய கேள்வி ஒன்றை எடுத்து, 30 நிமிடம் தயாரித்து, 7 நிமிடம் பேசுவது) இறுதிச் சுற்றில், எனக்கு வந்த ரேங்க் 1, 1, 6. இரண்டு நடுவர்கள் முதலிடம் கொடுத்தார்கள், மூன்றாமவர் கடைசி இடம் கொடுத்தார். கூட்டினால் 8, கூட்டுத்தொகை குறைந்தவருக்குத்தான் முதலிடம். ஒரு பையனுக்கு 2, 2, 3, ஒரு பெண்ணுக்கு 3, 3, 1, இரண்டு பேருக்கும் 7. இப்படிச் சமமாக வந்தால் நடுவர்களில் அதிகம் பேர் யாரை மேலே வைத்தார்கள் என்று பார்ப்பார்கள். அதில் அந்தப் பையன் ஜெயித்தான். ஆக, ஒரு நடுவர்கூட முதலிடம் தராதவனுக்குக் கோப்பை, எனக்கு மூன்றாவது இடம். கணக்கில் தப்பில்லை. இருந்தாலும் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, இந்தக் கட்டுரையில் அங்கங்கே அது எட்டிப் பார்க்கும்.

அந்த மூன்றாவது நடுவரின் பேலட்டில், அதாவது ரேங்கும் கருத்தும் எழுதும் தாளில், இரண்டே வரிதான். "கருத்துகள் நன்று. எங்களைத் திட்டுவது போல இருந்தது."

நான் எட்டாவது வரை நெல்லைப் பக்கம் படித்தவள். ஒன்பதாவதில் டாலஸ் புறநகருக்கு வந்தோம். பேச்சு அணியிலும் ஒன் ஆக்ட் (ஓரங்க நாடக) குழுவிலும் ஒரே வருடம் சேர்ந்தேன், நாலு வருடமும் இரண்டிலும் இருந்தேன். போட்டிகளை நடத்தும் யூஐஎல், டிஎஃப்ஏ (இரண்டும் டெக்ஸஸ் அமைப்புகள்), என்எஸ்டிஏ (தேசிய அமைப்பு) மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே விளக்கப் போவதில்லை. சேர்ந்த முதல் மாதத்திலேயே அது புரிந்துவிடும். ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் குரல். ஊரில் பேச்சுப்போட்டி என்றால் நமக்கு என்ன தெரியும்? தமிழாசிரியர் எழுதித் தருவார், மனப்பாடம் செய்வோம். "அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று ஆரம்பித்து, அடுக்குமொழியில் ஏறி, கடைசியில் கையை உயர்த்தி முடிப்போம். எதிரே முந்நூறு பேர், கையில் மைக். குரல் கணீர் என்றிருந்தால் பரிசு பாதி உறுதி. எனக்கு அப்படித்தான் பரிசுகள் வந்தன, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே எக்ஸ்டெம்ப் நடப்பது சாதாரண வகுப்பறையில். நடுவர் மாணவர் டெஸ்க் ஒன்றில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசுபவர்கள் ஒவ்வொருவராகத் தயாரிப்பு அறையிலிருந்து வருவதால், பல சுற்றுகளில் அந்த அறையில் நீங்களும் அவரும் மட்டும்தான். இடையில் பத்தடி தூரம். அந்தத் தூரத்தில் கணீர் குரல் எப்படிக் கேட்கும்? திட்டுவது போலத்தான் கேட்கும். (ஆனால் இறுதிச் சுற்றில் மூன்று நடுவர்களும் பார்வையாளர்களும் இருந்தார்கள். நான் அளவாகத்தான் பேசினேன். அதே குரலில் பையன் பேசினால் 'உறுதியாகப் பேசுகிறான்' என்று எழுதுவார்கள் என்பது என் கருத்து. விட்டுவிடுகிறேன்.)

எந்தப் போட்டிக்குப் போனாலும் நடைபாதையில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கோட் சூட் போட்ட பிள்ளைகள் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்று, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. பயிற்சியாளர்களும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். நான் செய்வதில்லை. சுவருக்குக் கண் இல்லை, முகம் மாறாது. அதனிடம் பேசப் பேசக் குரல் தானாக ஏறும், வேகமும் கூடும். அந்தக் குரலோடுதான் அறைக்குள் போய் நிற்போம்.

என் வழி: உட்கார்ந்து பேசிப் பார்ப்பது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பன்னிரண்டாவதில் நான் போன எல்லா இறுதிச் சுற்றுக்கும் இதுதான் காரணம் என்று நம்புகிறேன். உட்கார்ந்துகொண்டு யாராலும் முழங்க முடியாது. கை மடியில் இருக்கும், வாக்கியம் தானாகச் சின்னதாகும், "ஏன்னா" என்று காரணம் சொல்லும் தொனி வரும். வீட்டில் அம்மா காய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து பேசுவேன். அம்மாவுக்கு அர்ஜென்டினா பொருளாதாரத்தில் அக்கறை கிடையாது. கவனம் எந்த இடத்தில் கத்திக்கும் வெண்டைக்காய்க்கும் போகிறது என்று பார்த்தால் போதும், அந்த இடத்தில்தான் பேச்சு தொய்ந்திருக்கும். போட்டியில் தயாரிப்பு நேரத்தில் வேறு யாரோடும் பேசக் கூடாது. அதனால் தரையில் உட்கார்ந்து காலி நாற்காலி ஒன்றைப் பார்த்து முணுமுணுப்பேன்.

30 நிமிடத் தயாரிப்பை நான் பிரித்த விதம்:

கேள்வி தேர்ந்தெடுக்க 2 நிமிடம். என்எஸ்டிஏ-யில் மூன்று கேள்விகள் வரும், யூஐஎல்-இல் ஐந்து. கேள்வி அதிகம் இருக்கிறது என்று நேரத்தைக் கூட்டாதீர்கள்.
பதிலை ஒரே வாக்கியமாக எழுத 1 நிமிடம். கோப்புகளைத் திறப்பதற்கு முன்னாலேயே. படித்த பிறகு பதில் மாறினால் மாறட்டும்.
படிக்க 12.
மூன்று காரணங்களாக அடுக்க 5.
உட்கார்ந்து பேச 10. இதில் கை வைக்கவே கூடாது.

பலர் 25 நிமிடம் படித்துவிட்டு ஓடுவார்கள். தகவல் கொட்டும், ஆனால் நடுவர் நம்மைப் பார்த்துத் தலையாட்ட இடமே இருக்காது.

7 நிமிடப் பேச்சில் முன்னுரை ஒரு நிமிடம், ஒவ்வொரு காரணமும் ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள், மிச்சம் முடிவுரைக்கு. என்எஸ்டிஏ விதியில் 30 விநாடி கூடுதல் உண்டு. அதைத் தாண்டினால் முதலிடம் கிடைக்காது. அந்த 30 விநாடி இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஆதாரங்களைத் தேதியோடு சொல்லுங்கள். ஆறு, ஏழு போதும். நினைவில் இல்லாத தேதியை ஊகித்துச் சொல்லாதீர்கள். பொய் ஆதாரம் பிடிபட்டால் தகுதி நீக்கம் வரை போகும்.

இன்னொன்று, எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். இந்தியா, இலங்கை பற்றிய கேள்வி வந்தால் நான் எடுப்பதில்லை. நான் சேர்ந்தது 2022 ஆகஸ்டில். அந்த வருடம்தான் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது, ஜனாதிபதி நாட்டைவிட்டே போனார். அந்த சீசன் முழுக்க அதைப் பற்றிய கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எல்லோரும் "உனக்கு அல்வா மாதிரி" என்றார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் என்னை ஆய்வாளராக யாரும் பார்ப்பதில்லை, சாட்சியாகப் பார்க்கிறார்கள். நானும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிடுவேன், குரல் ஏறிவிடும். பெரு நாட்டில் என்ன நடக்கிறது என்று பேசும்போது எனக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் சுபாவம் வேறாக இருந்தால் தாராளமாக எடுங்கள்.

இனி நாடகம். யூஐஎல் ஒன் ஆக்ட் 1927 முதல் நடக்கிற போட்டி, டெக்ஸஸில் ஃபுட்பாலுக்கு அடுத்து இதைத்தான் சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்களோ என்று தோன்றும். விதிகளில் உயிரை எடுப்பது நேரம். நாடகம் 18 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடை அமைக்க 7 நிமிடம், கலைக்க 7 நிமிடம். தாண்டினால் நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதோடு சரி. அரங்கப் பொருட்களும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான அந்தச் சாம்பல் நிறப் பெட்டிகள், படிகள், தூண்கள்தான். அதை வைத்தே கோட்டையும் கட்ட வேண்டும், சமையலறையும் கட்ட வேண்டும்.

எங்கள் இயக்குநர் ஒத்திகையில் நாடகத்தை 36 நிமிடத்துக்குச் சுருக்கி வைத்திருந்தார். ஏன் நாலு நிமிடத்தை வீணாக்குகிறார் என்று முதல் வருடம் புரியவில்லை. போட்டியன்று கூட்டம் சிரித்தபோது புரிந்தது. சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைச் சொல்ல முடியாது, கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கும். நகைச்சுவை நாடகம் எடுப்பவர்கள் இன்னும் ஒரு நிமிடம் குறையுங்கள்.

ஊரிலிருந்து வந்தவுடனே பாத்திரம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை. என் உச்சரிப்பு அப்போது வேறு. ஒன்பதாவதில் க்ரூவில், அதாவது மேடைக்குப் பின்னால் வேலை செய்யும் குழுவில், ஒலி பார்த்தேன். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஒத்திகை முழுவதையும் இருட்டில் உட்கார்ந்து கேட்டதில்தான் இந்த ஊர் ஆங்கிலத்தின் ஏற்ற இறக்கம் எனக்குப் பிடிபட்டது. பத்தாவதில் நாலு வசனம், பன்னிரண்டாவதில் பெரிய பாத்திரம். பெற்றோரிடம் அனுமதி வாங்க ஒரு தகவல்: டெக்ஸஸில் பட்டம் பெற நுண்கலையில் ஒரு கிரெடிட் கட்டாயம், தியேட்டர் வகுப்பு அதற்குக் கணக்காகும். எங்கள் வீட்டில் எல்லா வாதமும் தோற்ற பிறகு இதுதான் எடுபட்டது.

அப்புறம் மதிப்பெண். 'நோ பாஸ், நோ ப்ளே' 1984-இல் வந்த மாநிலச் சட்டம், ஃபுட்பாலுக்கு மட்டுமில்லை, நமக்கும்தான். விலக்குள்ள சில உயர்நிலை வகுப்புகள் தவிர, ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. தனியாகப் பேசுபவர் விழுந்தால் அவரோடு போகும். நாடகத்தில் ஒருவர் விழுந்தால் குழுவே ஆடிப்போகும். எங்கள் குழுவில் முக்கியப் பாத்திரம் ஒன்று வேதியியலில் 68 வாங்கி, மாற்று நடிகர் ஒரே வாரத்தில் வசனம் முழுவதையும் பாடம் செய்தார். அவரை வைத்துக்கொண்டு டிஸ்ட்ரிக்ட்டுக்கு அடுத்த சுற்றான பை-டிஸ்ட்ரிக்ட் வரை போனோம். அங்கே ஆல்டர்னேட், அதாவது வேறு யாராவது விலகினால் மட்டும் வாய்ப்பு. யாரும் விலகவில்லை.

இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களுக்கு நிஜமான சிக்கல் மார்ச் மாதம். ஒன் ஆக்ட் போட்டிகளும், பேச்சுக்கான டிஎஃப்ஏ மாநிலப் போட்டியும், யூஐஎல் டிஸ்ட்ரிக்ட் போட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். தேதி மோதுவதைக்கூடச் சமாளித்துவிடலாம். குரல்தான் பிரச்சினை. வாரம் முழுக்க மாலையில் பெரிய அரங்கத்தின் கடைசி வரிசைக்கு மைக் இல்லாமல் வசனம் பேசிவிட்டு, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்தடி தூரத்து நடுவரிடம் போனால் குரல் தானாக அரங்கத்துக்கே போகும். தொண்டையும் கட்டியிருக்கும். நான் வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் காரில் அப்பாவோடு முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு பேச்சை முழுதாகப் பேசிவிடுவேன். காருக்குள் கத்தினால் அப்பா ரேடியோவைப் போட்டுவிடுவார்.

பெற்றோருக்கு: எத்தனை பிள்ளைகளைப் பதிவு செய்கிறார்களோ அதற்கேற்ப நடுவர்களைப் பள்ளி கொண்டுவர வேண்டும். ஆள் கிடைக்காமல் பயிற்சியாளர்கள் தவிப்பார்கள். போய் உதவுங்கள். "எனக்கு என்ன தெரியும், நான் என்னத்த ஜட்ஜ் பண்றது" என்றுதான் என் அப்பாவும் சொன்னார். ஒன்றும் தெரிய வேண்டாம், சொந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உங்களைப் போடவும் மாட்டார்கள். நடுவர்களுக்கான அறையில் சாப்பாடு உண்டு. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

ரேங்க் கொடுத்தால் காரணம் எழுதுங்கள், இரண்டு வரி போதாது.
உடை, உச்சரிப்பு பற்றி எழுதாதீர்கள்.
நேரம் காட்டக் கை சைகையை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தப்பான சைகை ஒரு பிள்ளையின் சுற்றையே கெடுத்துவிடும்.
முகத்தைக் கல்லாக வைத்திருக்காதீர்கள்.

முதல் நாள் நடுவராக இருந்துவிட்டு வந்து அப்பா சொன்னது: "எம்மா, அந்த மூணாவது பையன் ஒருத்தன்தான் என்கிட்ட பேசினான். மத்தவங்க எல்லாம் எனக்குப் பின்னாடி இருக்கிற சுவர்கிட்ட பேசினாங்க." பயிற்சியாளர்கள் சொன்ன எதைவிடவும் எனக்கு இது உதவியது.

ஆகஸ்டில் சேரப் போகிறவர்களுக்குக் கடைசியாக இரண்டு விஷயம். ப்ரோஸ், பொயட்ரி (உரைநடை, கவிதை வாசிப்பு) எடுப்பவர்கள் பிரதி வைக்கும் கறுப்பு ஃபைலை முதல் நாளிலிருந்தே கையில் வைத்துப் பயிற்சி செய்யுங்கள், பக்கம் திருப்புவதும் நடிப்புதான். பெரும்பாலான போட்டிகளில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு நாவிஸ் (புதியவர்) பிரிவு தனியாக இருக்கும். "என் பிள்ளை ஊரில் மாவட்ட அளவில் ஜெயித்தவள்" என்று சொல்லி நேரே அனுபவசாலிகள் ஆடும் வார்சிட்டியில் போடச் சொல்லாதீர்கள். நாவிஸில் ஆட ஒரு வருடம்தான் அனுமதி, அடுத்த வருடம் கேட்டாலும் சேர்க்க மாட்டார்கள்.